கடைசி ஊசி எத்தனை மணிக்கு?

ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஊசி அது. செவ்வாய் ராத்திரி 8 மணிக்குக் கடைசி ஊசி, புதன் காலையில் பிரசவத்துக்கு அட்மிட் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மாமியார் பஞ்சாங்கத்தை விரித்து நட்சத்திரம் பார்த்தார். பார்த்துவிட்டு மடக்கி வைத்துவிட்டார். நாள் குறித்தது ஊசி.

எட்டாம் மாதத்தில் இடது கால் மட்டும் தொடை வரை வீங்கியது. தொட்டால் சூடு. முதலில் காட்டிய இடத்தில், "மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும், தலையணைமேல காலை வெச்சுப் படு" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தைலம் போட்டுத் தடவ, மார்த்தாண்டம் பக்கம் தெரிந்த வர்ம ஆசானிடம் கூட்டிப்போனாள். அவர் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். "இது தடவுற கால் இல்ல மக்களே, ஸ்கேன் எடுத்துப் பாருங்க" என்று கையை எடுத்துக்கொண்டார். தடவியிருந்தால் உள்ளே கட்டியிருந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவருக்கு இன்னும் ஒரு குலை ஏத்தன்பழம் பாக்கி இருக்கிறது.

நாகர்கோவிலில், ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். ரத்தக்கட்டுதான். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விடாமல் இருக்க, கர்ப்பத்தில் உடம்பே ரத்தத்தைச் சட்டென்று உறையும்படி வைத்துக்கொள்ளுமாம். இடது காலிலிருந்து வரும் ரத்தக்குழாய் வயிற்றுக்குள் ஒரு தமனிக்கு அடியில் நசுங்கித்தான் போகிறது. அதனால் கட்டு பெரும்பாலும் இடது பக்கம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் மாத்திரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், இந்த ஊசி போகாது என்றார் டாக்டர். எனாக்ஸாபரின் 60 மில்லிகிராம், காலை 8, ராத்திரி 8.

வீட்டுக்காரருக்கு ரப்பர் வெட்டு. விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பட்டையை நூல் பிடித்தாற்போல் சீவுகிற கை, அரை அங்குல ஊசியைப் பிடித்து நடுங்கியது. சிரிஞ்சில் இருக்கும் காற்றுக்குமிழியை வெளியேற்றக் கூடாது, தோலை மடித்துப் பிடித்துக் குத்த வேண்டும், குத்திய இடத்தைத் தேய்க்கக் கூடாது. ஒரு வாரத்தில் பழகிவிட்டார். ரப்பர் ஷீட் எடை எழுதும் நோட்டிலேயே ஊசி நேரத்தையும் எழுதினார்.

"வலி தானா வரட்டுமே" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஆனால் முழு அளவில் ஊசி போட்டு 24 மணி நேரம் ஆகாமல் வலி தெரியாமல் இருக்க முதுகில் மரப்பு ஊசி போட முடியாது; தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டினால் கால் செயலிழந்துவிடலாம். இடையில் அவசர ஆபரேஷன் வந்தால் முழு மயக்கம்தான். அதனால்தான் ஊசியை நிறுத்தி, நாள் குறித்து வலியை வரவழைப்பது.

புதன் காலையில் ஃபோலே டியூப் வைத்தார்கள். சிறுநீருக்குப் போடுகிற அதே டியூப்தான். நுனியிலிருக்கும் பலூனில் நீரேற்றினால், கர்ப்பப்பை வாயை மெல்ல அகட்டும். மாத்திரை, ஜெல் என்று வேறு வழிகளும் உண்டாம். மாலையில் டியூப் தானாக விழுந்தது, ஆக்ஸிடோசின் டிரிப் ஏறியது. அதுவரை சும்மா கதை பேசிக்கொண்டிருந்தவள், அரைமணி நேரத்தில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ராத்திரி 9 மணிக்கு மயக்க டாக்டர் வந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை. "கடைசி ஊசி எத்தனை மணிக்கு?" வலியில் எனக்கு வாய் வரவில்லை. கதவுக்கு வெளியிலிருந்து சிஸ்டர் கையில் நோட்டு வந்தது.

வியாழன் அதிகாலை 4.40க்கு மகள் பிறந்தாள். வீட்டுக்காரர் தோட்டத்துக்குக் கிளம்புகிற நேரம்.

மறுநாளே ஊசி திரும்பத் தொடங்கியது, இன்னும் 6 வாரம். மூலிகை போட்டுக் காய்ச்சிய வேது தண்ணி குளியலை அம்மா விடவில்லை. காலைத் தடவ மட்டும் நான் விடவில்லை. நோட்டில் இப்போது மூன்று கணக்கு: ஷீட் எடை, என் ஊசி, பிள்ளை பால் குடித்த நேரம்.