என்எஃப்எஸ் சோதனை: ஒரே பெயரில் இரண்டு கிளையன்ட்

நெட்வொர்க் வழியாக வேறொரு மெஷினின் ஃபைல்களைப் பயன்படுத்த உதவுவது என்எஃப்எஸ். லினக்ஸ் கர்னலில் உள்ள அதன் கிளையன்டுக்கான ஒரு பேட்சைச் (கோட் திருத்தத்தைச்) சோதிக்கும் வேலை என்னிடம் வந்தது. கர்னலை பில்ட் செய்து, சர்வரில் எக்ஸ்போர்ட் (பகிரும் கோப்பகம்) போட்டு, என்எஃப்எஸ் 4.1 பதிப்பில் மவுன்ட் செய்தது வரை ஒரு தொல்லையும் இல்லை. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற ஃபைல்சிஸ்டம் சோதனைத் தொகுப்பை ஓடவிட்ட பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

ஒரு விஎம்மில் (மெய்நிகர் மெஷினில்) மட்டும் ஓட்டினால் எல்லாச் சோதனைகளும் தேறும். இரண்டு விஎம்களில் ஒரே சமயத்தில், வேறு வேறு எக்ஸ்போர்ட்களில் ஓட்டினால் ஃபைல் பூட்டு சம்பந்தப்பட்டவை விழும். அதுவும் தடவைக்கு ஒரு சோதனை. பூட்டை வைத்திருந்த ப்ராசஸ் எழுதப் போனால் இஐஓ (உள்ளீடு-வெளியீடு) பிழை. கர்னல் பதிவைப் பார்த்தால் பூட்டை மீட்க முடியவில்லை என்கிறது. சர்வர் ரீபூட் ஆனால்தானே மீட்பு என்ற பேச்சே வரும்? அது ரீபூட் ஆகவே இல்லை.

லேப் விஎம்களைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். "விஎம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, உங்க பேட்சைப் பாருங்க சார்" என்று டிக்கெட்டை மூடிவிட்டார். எங்கள் லீடோ, பிழையைக் கொண்டுவந்த கமிட்டைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடும் கிட் பைசெக்ட் செய்தே ஆகவேண்டும் என்றார். செய்தோம். அது கைகாட்டிய கமிட் என்எஃப்எஸ் பக்கமே போகாத ஒன்று. விட்டு விட்டு வரும் பிழையில் பைசெக்டை இப்படி நம்பாதீர்கள். ஒரு தடவை தேறியதை வைத்து ஒரு கர்னலை நல்லது என்று குறித்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு படியும் வீண்.

அடுத்து, என்எஃப்எஸ்ஸின் டீபக் பதிவுகளைத் திறக்கும் ஆர்பிசிடீபக். அதில் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பதிவு கொட்டித் தீர்க்கும், நேரக்கணக்கு மாறும், பிழையே வராமல் போகும். கர்னலுக்குள்ளேயே இருக்கும் லேசான பதிவுப் புள்ளியான ட்ரேஸ்பாயின்ட்தான் நல்லது. ட்ரேஸ்-சிஎம்டியில் என்எஃப்எஸ்4 ட்ரேஸ்பாயின்ட்களைத் திறந்து, கூடவே இரண்டு விஎம்மிலும் என்எஃப்எஸ்ஸின் போர்ட் 2049-க்கு, பாக்கெட்களைப் பிடிக்கும் டிசிபிடம்ப் போட்டேன். மவுன்ட் செய்வதற்கு முன்பே பிடிக்கத் தொடங்குங்கள், முக்கியமான பேச்சுவார்த்தை முதலிலேயே நடந்துவிடும்.

பிடித்த பாக்கெட்களை வயர்ஷார்க்கில் பார்த்ததும் விஷயம் புரிந்தது. முதல் விஎம்முக்கு 'பேட் செஷன்' (உன் செஷன் செல்லாது) என்று சர்வரிடமிருந்து பதில் வருகிறது. அது தன் பெயரைச் சொல்லும் எக்ஸ்சேஞ்ச் ஐடி கோரிக்கையை அனுப்பிப் புதிய செஷன் போடுகிறது. சற்று நேரத்தில் இரண்டாவது விஎம்முக்கும் அதே 'பேட் செஷன்'. அதுவும் அதையே செய்கிறது. இரண்டும் சர்வரிடம் சொன்ன பெயரும் ஒன்றுதான்: 'லினக்ஸ் என்எஃப்எஸ்வி4.1', அதையடுத்து 'லோக்கல்ஹோஸ்ட்.லோக்கல்டொமைன்'.

ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்த விஎம்கள், ஹோஸ்ட்நேமை யாரும் மாற்றவில்லை. லினக்ஸ் கிளையன்ட் தன் அடையாளத்தை ஹோஸ்ட்நேமை வைத்துத்தான் அமைக்கிறது. ஒரே பெயர், ஆனால் வேறு வெரிஃபையர் (கிளையன்ட் ரீபூட் ஆனால் மாறும் மதிப்பு) என்றால், அந்தக் கிளையன்ட் ரீபூட் ஆகித் திரும்பியிருக்கிறது என்றுதான் சர்வர் எடுத்துக்கொள்ளும். பழைய ஓப்பன், பூட்டு எல்லாவற்றையும் தூக்கி எறியும். நெறிமுறைப்படி அது செய்வது சரிதான். விஎம்முக்கு ஒரு கெர்பெரோஸ் (பாதுகாப்பான அடையாளச் சரிபார்ப்பு முறை) அடையாளம் இருந்திருந்தால் 'கிளையன்ட் ஐடி பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழை வந்து முதலிலேயே தெரிந்திருக்கும். நாங்கள் ஆத்-சிஸ் (கிளையன்ட் சொல்லும் யூசர் எண்ணை அப்படியே நம்பும் முறை) மட்டும் வைத்திருந்ததால் சத்தமில்லாமல் பறிபோனது.

சர்வரும் லினக்ஸ் என்றால் இன்னும் சுலபமான வழி இருக்கிறது. கர்னல் 5.3 முதல் ப்ராக் கோப்பகத்துக்குள் எஃப்எஸ், என்எஃப்எஸ்டி, கிளையன்ட்ஸ் என்று போனால் கிளையன்டுக்கு ஒரு கோப்பகம் இருக்கும். அதில் உள்ள 'இன்ஃபோ' கோப்பில் முகவரியும் பெயரும் தெரியும். எங்களுக்கு இரண்டு விஎம் மவுன்ட் செய்திருந்தும் அங்கே நிலையாக இருந்தது ஒரே ஒரு பெயர், முகவரி மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. சோதனை தொடங்கும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விஎம்களுக்குத் தனித்தனி ஹோஸ்ட்நேம் கொடுத்து, மவுன்டை முழுதாகக் கழற்றி மறுபடி போட்டேன். அத்தனையும் தேறியது. ஹோஸ்ட்நேமைத் தொட முடியாத இடத்தில் என்எஃப்எஸ் மாட்யூலின் 'என்எஃப்எஸ்4 யுனிக் ஐடி' பாராமீட்டரில் மெஷினுக்கு ஒரு யுயுஐடி (தனித்துவமான அடையாள எண்) கொடுக்கலாம், ஆனால் மவுன்டுக்கு முன்பே. கன்டெய்னர்களில் மவுன்ட் செய்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

பாக்கெட் கேப்சரை இணைத்து டிக்கெட்டை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை பேட்சைப் பற்றிப் பேச்சே இல்லை. குளோன் செய்யும்போதே ஹோஸ்ட்நேம் மாறும்படி ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டார்கள். பேட்சும் ரிவ்யூவுக்குப் போய்விட்டது.