சாமான்களை ஒப்படைத்த பிறகு

படையை விட்டு வெளியேறிய வாரத்தில் கிடங்குப் பொறுப்பாளரான ஸ்டோர்மேன் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தான். தலைக்கவசம், முதுகுப்பை, தண்ணீர்க் குடுவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பார்த்து, கோடு கிழித்தான். குடுவைக்கு மூடி இல்லை. அதற்கும் ஒரு கையெழுத்து வாங்கினான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் வாழ்ந்திருக்கிறேன்: எந்தப் பொருள் யாரிடம் இருக்கிறது, எப்போது திருப்பித் தரவேண்டும் என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய பட்டியலில் இருக்கும்.

அது 2023. எனக்கு 55 வயது. பிறகு என் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த தொகைக்கு மட்டும் யாரிடமும் எந்தப் பட்டியலும் இல்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். சிங்கப்பூர் ஆயுதப் படையின் நிரந்தர ஊழியர்களுக்கு மத்திய சேமநிதி (மசேநி) தவிர இன்னொரு ஓய்வுக்காலச் சேமிப்பும் உண்டு. அதிகாரிகளுக்கு அதன் பெயர் சேவர். என்னைப் போன்ற வாரன்ட் அதிகாரிகளுக்கு பிரீமியம். இரண்டும் சேவர்-பிரீமியம் நிதி என்ற ஒரே நிதியில்தான் வளர்கின்றன. சீக்கிரம் விலகினால் முழுத் தொகையும் கிடைக்காது என்பதால் பலர் கடைசி வரை இருந்துவிடுகிறார்கள். நானும் இருந்தேன். எவ்வளவு வந்தது என்று சொல்லப் போவதில்லை. வங்கியின் செயலியைத் திறந்து அந்த எண்ணை நான்கு முறை எண்ணிப் பார்த்தேன் என்பது மட்டும் உண்மை.

"ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள்" என்றார் மனைவி. சரி என்றேன். ஐந்து வாரம்கூடத் தாங்கவில்லை.

முன்பு என் கீழே பணியாற்றிய ஒருவர், இப்போது காப்புறுதி விற்பவர், ஈசூன் காப்பிக்கடைக்கு அழைத்தார். படையில் வாரன்ட் அதிகாரியை "என்சிக்" என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியே வந்த பிறகு யாரும் என்னை அப்படி அழைக்கவில்லை. அவர் அரைமணி நேரத்தில் இருபது முறை அழைத்தார். தே தாரே தேநீர் ஆறுவதற்குள், முதலீட்டோடு இணைந்த ஒரு காப்புறுதிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆண்டுதோறும் கட்டவேண்டும், பத்து ஆண்டுகள். அவர் என்னை ஏமாற்றவில்லை. எல்லாமே தாளில் அச்சாகி இருந்தது. நான்தான் தாளைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளைப் பார்த்தது என் மகள். பலதொழில் கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள். ஆவணங்கள் வந்த பத்தாம் நாள் இரவு, "அப்பா, மூன்றாவது ஆண்டில் நிறுத்தினால் கையில் எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்தீர்களா?" என்று கேட்டாள். அட்டவணையில் விரல் வைத்துக் காட்டினாள். கட்டியதில் பாதிகூட இல்லை. சிங்கப்பூரில் ஆயுள் காப்புறுதிக்கு, ஆவணம் கைக்கு வந்ததிலிருந்து 14 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். பதினோராம் நாள் காலை கடிதம் கொடுத்தேன். அதற்குள் சந்தை சற்று இறங்கியிருந்ததால் சில பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைத்துத் திருப்பித் தந்தார்கள். பழைய நண்பர் அதன் பிறகு அழைக்கவில்லை. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்ததோடு சரி.

அதற்குப் பிறகுதான் மனைவியின் பேச்சைக் கேட்டேன். மீதி ஐந்து மாதம் பணம் அப்படியே கிடந்தது. அந்த இடைவெளியில் மசேநியைப் புரிந்துகொள்ள உட்கார்ந்தேன்.

55 வயதானதும் ஓய்வுக்காலக் கணக்கு ஒன்று தானாகத் திறக்கிறது. முதலில் சிறப்புக் கணக்கிலிருந்தும், போதாவிட்டால் சாதாரணக் கணக்கிலிருந்தும் பணம் அதற்குப் போகும். 2023இல் 55 ஆனவர்களுக்கு முழு ஓய்வுக்காலத் தொகை 198,800 வெள்ளி. அதை ஒதுக்கியபின் மிஞ்சுவதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அரசின் இணைய அடையாளமான சிங்பாஸில் நுழைந்து, அடையாள அட்டை எண்ணோடு இணைந்த பேநவ் என்ற பணமாற்றுச் சேவை வழியாகக் கேட்டால் பணம் வந்துவிடுகிறது. எடுப்பது இவ்வளவு சுலபமாக இருப்பதே எனக்கு உறுத்தியது. எடுத்த பணத்தை வங்கிச் சேமிப்பில் போட்டால் சொற்ப வட்டி. சாதாரணக் கணக்கில் விட்டுவைத்தால் 2.5 சதவீதம். அங்கேயே விட்டேன்.

விட்டேன் என்று சொன்னேனே, அது பாதிப் பொய். அந்த ஆண்டு எங்கு பார்த்தாலும், அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க ஏலத்தில் விடும் கருவூலப் பத்திரத்தைப் பற்றிய பேச்சுதான். 2022 டிசம்பரில் ஆறு மாதப் பத்திரம் 4.4 சதவீதம் வரை போயிருந்தது. பழைய படைப்பிரிவு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் 4டி லாட்டரி எண்களுக்கு அடுத்தபடியாகப் பத்திர ஏல முடிவுகள்தான் ஓடின. நானும் சாதாரணக் கணக்கிலிருந்து 50,000 வெள்ளி எடுத்து வாங்கினேன், ஏறத்தாழ 3.8 சதவீதத்துக்கு. ஆறு மாதத்தில் 950 வெள்ளி. கேட்க இனிக்கிறது, இல்லையா? ஆனால் மசேநியில் பணம் வெளியேறும் மாதத்துக்கு வட்டி கிடையாது. திரும்பி வரும் மாதத்துக்கும் கிடையாது, அடுத்த மாதத்திலிருந்துதான் கணக்கு. ஆறு மாதப் பத்திரத்துக்குக் குறைந்தது ஏழு மாத வட்டி போகிறது. போதாததற்கு, முதிர்ந்த பணம் வங்கியில் உள்ள முதலீட்டுக் கணக்கில்தான் வந்து நிற்கும். அது உடனே மசேநிக்குத் திரும்பவேண்டுமென்றால் நாமேதான் சொல்லி அனுப்பவேண்டும். நான் மூன்று வாரம் மறந்துபோனேன். மாதம் ஒன்று கூடிவிட்டது. எட்டு மாத வட்டி, 833 வெள்ளி. மிச்சம் 117. வங்கிக் கட்டணம் போக நூறு வெள்ளியைச் சுற்றி ஏதோ. மனைவி அதைத் தேக்கா சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கியே தீர்த்துவிட்டார்.

பிறகு என் சொந்த முறையில் ஒரு பட்டியல் போட்டேன், ஸ்டோர்மேன் போட்டது போலவே. எந்தப் பணம், எந்த ஆண்டு, யாருக்கு வேண்டும். ஓராண்டுச் செலவு வங்கியில். மகளின் பல்கலைக்கழகக் கட்டணமும் வீட்டுப் பழுதுகளும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில். அதில் 500 வெள்ளியிலிருந்து போடலாம், ஒருவருக்கு 200,000 வரை. பத்தாண்டுப் பத்திரம் என்றாலும் எந்த மாதம் கேட்டாலும் அபராதமின்றித் திருப்பித் தருவார்கள். ஒவ்வொரு முறையும் 2 வெள்ளி கட்டணம், அவ்வளவே. என் குணத்துக்கு இது பொருந்தியது. இதில் பெருமை பேச ஒன்றுமில்லை என்பதால் வாட்ஸ்அப் குழுவில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. 2025இன் இரண்டாம் பாதியில் கருவூலப் பத்திரம் 2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியபோது குழு சற்று அமைதியானது.

மனைவிக்கு வருமானம் இல்லை. பிள்ளைகளை வளர்த்ததால் அவருடைய மசேநியில் இருந்தது மிகக் குறைவு. புதிய வேலையில் எனக்கு வரி கட்டும் நிலை வந்ததால், அவருடைய சிறப்புக் கணக்கில் ரொக்கமாக 8,000 வெள்ளி போட்டேன். அவ்வளவு தொகைக்கு எனக்கு வரிக்கழிவும் கிடைத்தது. ஜனவரியிலேயே போட்டால் பிப்ரவரியிலிருந்தே 4 சதவீத வட்டி ஓடும். போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க முடியாது என்பதை மட்டும் அவரிடம் இரண்டு முறை சொன்னேன். "உங்களிடமிருந்து பாதுகாப்பாக இருக்கும் என்கிறீர்கள்" என்றார்.

2025 ஜனவரியில் 55 வயதைத் தாண்டியவர்களின் சிறப்புக் கணக்குகளை மூடினார்கள். ஓய்வுக்காலக் கணக்கு உருவாகும் முன்பே, அதற்குள் போய்விடாதபடி சிறப்புக் கணக்கின் பணத்தை வேறெங்காவது போட்டு மறைத்துவைத்து, பிறகு திரும்பக் கொண்டுவந்த நண்பர்கள் கொதித்தார்கள். நான் சோம்பலால் அதைச் செய்யவில்லை. எனவே இழக்க ஒன்றுமில்லை. அதே மாதம் மேம்பட்ட ஓய்வுக்காலத் தொகை, அதாவது ஓய்வுக்காலக் கணக்கில் போடக்கூடிய உச்ச வரம்பு, 426,000 ஆக உயர்ந்தது. சாதாரணக் கணக்கிலிருந்து கொஞ்சத்தை ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றினேன். 65 வயதிலிருந்து உயிருள்ளவரை மாதாமாதம் வரும் பணம் அது. முழுதும் மாற்றவில்லை. அதற்குக் காரணம் கணக்கு அல்ல, பயம்.

கடைசியாகச் செய்தது, முதலில் செய்திருக்கவேண்டியது. நான் இறந்தால் மசேநிப் பணம் யாருக்கு? உயில் எழுதி வைத்திருந்ததால் கவலையில்லாமல் இருந்தேன். மசேநிக்கு உயில் செல்லாதாம். தனியாக நியமனம் செய்யவேண்டும். அதைத்தான் பதினெட்டு வயதில் செய்தேனே என்று நினைத்தேன், அம்மாவின் பெயரில். ஆனால் திருமணமானால் பழைய நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். அதாவது 1996இல் தாலி கட்டிய நாளிலிருந்து என் மசேநிக்கு வாரிசு இல்லை. அம்மாவும் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு ஏதாவது நடந்திருந்தால் பணம் பொது அறங்காவலரிடம் போய், சட்டப்படி பங்கு போட்டு, கட்டணமும் கழித்துத்தான் குடும்பத்துக்கு வந்திருக்கும்.

இணையத்திலேயே முடிக்கலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும். பணம் பெறுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் உடனே ஒப்புக்கொண்டார். இரண்டாவதாக என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் சிங்பாஸைத் திறந்து, திரையை நிதானமாகப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, அப்படியென்றால் எனக்கு ஒன்றும் இல்லை என்பதற்கு நானே சாட்சியா?"