கிணற்றைச் சொல்லாத நன்றி

இன்று ஃபஜ்ர் எனும் அதிகாலைத் தொழுகைக்குப் பின், குர்ஆனின் 12-ஆவது அத்தியாயமான சூரா யூசுஃபை ஓதும்போது, 100-ஆவது வசனத்தைக் கடந்து செல்ல முடியாமல் நின்றுவிட்டேன். சொந்தச் சகோதரர்களால் கிணற்றில் தள்ளப்பட்டு, அற்ப விலைக்கு விற்கப்பட்டு, செய்யாத குற்றத்திற்காகப் பல ஆண்டுகள் சிறையிலும் வாடிய யூசுஃப் நபி (அலை) அவர்கள், இறுதியில் பெற்றோரும் அதே சகோதரர்களும் எகிப்துக்கு வந்து சேர்ந்த அந்த வேளையில், தம்மைச் சிறையிலிருந்து வெளியேற்றிய பேருதவிக்காக அல்லாஹ்வைப் புகழ்கிறார்கள். ஆனால் கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதிரே நிற்பவர்கள் வெட்கித் தலைகுனியக் கூடாது என்பதற்காகவே அதைத் தவிர்த்தார்கள் என்று குர்ஆன் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். நடந்த கொடுமையைக்கூட யூசுஃப் நபி அவர்கள், தமக்கும் சகோதரர்களுக்கும் இடையே ஷைத்தான் உண்டாக்கிய பிளவு என்று மட்டுமே குறிப்பிடுகிறார்கள். எத்தனை நுட்பமான கண்ணியம்! “இன்று உங்கள் மீது எந்தப் பழிப்பும் இல்லை” என்று 92-ஆவது வசனத்தில் சொன்ன சொல்லை, ஆட்சியதிகாரம் கையில் இருந்தபோதும், அவர்கள் இப்படித்தான் காத்தார்கள்.

என் உறவினர் ஒருவரை மன்னித்துவிட்டதாகச் சொல்லி ஆண்டுகள் பல ஆகின்றன. எனினும் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் பழையதை ஏதோ ஒரு வகையில் நினைவூட்டியிருக்கிறேன். இன்று மாலை அவர் வீட்டுக்குச் செல்கிறேன்.