அண்ணன் சம்பளம்

பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விண்ணப்பம் தள்ளுபடி. காரணமாக இருந்தது ஒரே வரி: வருமானம் வரம்புக்கு மேல். எஸ்சி மாணவர்களுக்கான அந்தத் திட்டத்தில் வரம்பு ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். என்னிடம் உதவி கேட்டு வந்த பையனின் வருமானச் சான்றில் 3,12,000. பெற்றோரின் கூலி 96,000தான்; மீதி 2,16,000 அண்ணனுடையது, மாதம் 18,000 வீதம். ரேஷன் கார்டில் அண்ணன் பெயரும் இருந்ததால் விசாரணையில் சேர்த்துவிட்டார்கள்.

இது அடிக்கடி நடக்கிறது. திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைப்படி, பெற்றோரில் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தாலும் பெற்றோர் வருமானத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். கூடப் பிறந்தவர்கள் சம்பாதித்தாலும் கணக்கில் வராது. வருமானச் சான்றுக்காக விசாரிக்க வரும் வி.ஏ.ஓ.வோ வீட்டில் யார் யார் சம்பாதிக்கிறார்கள் என்று பார்த்துக் கூட்டிவிடுகிறார்.

“அண்ணன் சம்பளம் சேராது தம்பி, பெற்றோர் வருமானத்துக்கு மட்டும் புதுச் சான்று வாங்கிட்டு வா” என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை. “அவன் அனுப்புற காசுலதான் சார் நான் பஸ் ஏறி வர்றேன். அதை மறைக்கச் சொல்றீங்களா?”

மறைக்கச் சொல்லவில்லை. நாளைக்கு அண்ணனுக்குக் கல்யாணம் ஆகலாம், வேலை போகலாம். அவன் தருவதை மட்டும் நம்பித் தம்பியின் படிப்பு இருக்க முடியாது. அந்த விதி நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் தம்பி கேட்டது விதியைப் பற்றி அல்ல என்பதும் தெரிகிறது. நன்றி மறந்தவனாகக் கையெழுத்துப் போடச் சொல்வதாக அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

அதனால்தான் மேல்முறையீட்டுக் கடிதத்தில் அண்ணனின் சம்பளத்தை வெளிப்படையாகவே எழுத வைத்தேன்: தொகை, அது முந்தைய சான்றில் எப்படிச் சேர்ந்தது, விதி ஏன் அதைச் சேர்க்கவில்லை. இணைப்பாக நெறிமுறையின் அந்தப் பக்கம், பழைய சான்று, ரேஷன் கார்டு நகல். புதுச் சான்று வரும்வரை காத்திருக்கவில்லை. விண்ணப்ப இணையதளம் மூடிவிட்டால் சரியான சான்று கையில் இருந்தும் பயனில்லை. கடிதத்தைக் கல்லூரி முதல்வர் வழியாக மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு அனுப்பி, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டோம். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான். தாசில்தார் அலுவலகத்தில் திருத்த மறுத்தால் கோட்டாட்சியரிடம் போகலாம். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். அசல் சான்றை மட்டும் எந்த மேசையிலும் விட்டுவரக் கூடாது.

இன்னொன்று: ஒப்புதல் கிடைத்தாலும், ஆதார் கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்குத்தான் பணம் போகும். அது பழைய, முடங்கிய கணக்கு என்றால் மறுபடியும் அலைச்சல். மைஆதார் தளத்தில் முன்பே பார்த்துவிட வேண்டும்.

96,000 என்று புதுச் சான்று வந்தது, விண்ணப்பமும் தேறியது. அண்ணனைப் பற்றிய அந்தப் பத்தி உதவியதா, அல்லது அதைப் படித்த ஒருவர் சந்தேகப்பட்டிருந்தால் எல்லாமே கெட்டிருக்குமா? சில கடிதங்களில் இப்போதும் எழுத வைக்கிறேன், சிலவற்றில் வேண்டாம் என்கிறேன். அதற்கு என்னிடம் ஒரு கணக்கு இல்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தே முடிவெடுக்கிறேன். ஒரு அலுவலகத்தில் அப்படி முடிவெடுப்பது சரியா என்பதும் எனக்குத் தீரவில்லை.