வந்தார்கள் என்றால் எத்தனை பேர்?

“வந்தார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். கடப்பாரையால் நெம்பி எல்லைக்கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள்.”

ஒரு சிவில் வழக்கில் வாதியான மூதாட்டி, கீழமை நீதிமன்றத்தின் கூண்டில் நின்று சொன்ன மூன்று வாக்கியங்கள் இவை. வழக்கு இரண்டாவது மேல்முறையீடாகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்தச் சாட்சியத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலை என்னிடம் வந்தது. மூன்று வாக்கியங்களுக்கும் ‘தே’ என்று எழுவாய் போட்டு எழுதினேன். பிரதிவாதிகள் இரண்டு பேர். ஒருவர் மூதாட்டியின் மூத்த ஓரகத்தி. மற்றவர் அந்த ஓரகத்தியின் மகன். இரண்டு பிரதிவாதிகள், பன்மை வினைமுற்று, ஆகவே ‘தே’. அதற்கு மேல் அன்று நான் யோசிக்கவில்லை.

பாரிமுனையில் தம்புச் செட்டித் தெருவில், உயர் நீதிமன்றத்துக்கு நடந்து போகும் தொலைவில், 19 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. 1976-இல் அதைத் திருத்திய பிறகு, கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் பெரும்பாலும் தமிழிலேயே பதிவாகிறது. உயர் நீதிமன்றத்தின் மொழியோ, அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் உறுப்பின்படி, ஆங்கிலம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்களைப் போன்றவர்களின் பிழைப்பு நடக்கிறது. கிரயப் பத்திரம், உயில், முதல் தகவல் அறிக்கை, சாட்சியம் எல்லாம் எங்கள் கை வழியாக ஆங்கிலமாகி, ‘டைப்டு செட்’ என்று கட்டாகி, நீதிபதியின் மேசைக்குப் போகின்றன. தமிழ் மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டிய தேவை பல வழக்குகளில் யாருக்குமே வருவதில்லை.

எந்தக் கட்டும் வெளியே போவதற்கு முன் ஒப்புப் பார்ப்போம். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், மற்றவர் ஆங்கிலத்தின்மேல் விரலை நகர்த்திக்கொண்டே வருவார். அன்று படித்தவர் என்னுடன் வேலை செய்யும் அக்கா. “சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்” என்ற இடத்தில் நிறுத்தினார். “எத்தனை பேர் சேலை கட்டியிருந்தார்கள்?” என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று வியர்த்தது. சேலை கட்டியவர் ஒருவர்தான். கடப்பாரையும் ஒன்றுதான். வந்தது ஓரகத்தி மட்டும். மகன் அந்த மாதம் குவைத்தில் இருந்தார் என்பதைப் பிரதிவாதிகள் தரப்பு முதல் நாளிலிருந்தே சொல்லி வந்தது. நான் எழுதிய ஆங்கிலம் அப்படியே போயிருந்தால், ஊரிலேயே இல்லாதவரை அந்த மூதாட்டி கல் பிடுங்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதாக ஆகியிருக்கும். அவர் சொல்லாத பொய்யை என் எழுத்து அவர் வாயில் வைத்திருக்கும்.

தமிழ் வினைமுற்று தாராளமானது. ‘வந்தாள்’ என்ற ஒரு சொல்லில் படர்க்கை, பெண்பால், ஒருமை, இறந்தகாலம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. எழுவாயை எழுதவே வேண்டாம், விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் ‘கேம்’ என்ற சொல்லைத் தனியாகக் கையில் கொடுத்தால் வந்தது யாரென்று தெரியாது. அங்கே பிரதிபெயர்தான் ஆளைச் சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் பாதி, தமிழ் விகுதிக்குள் இருக்கும் ஆளை வெளியே எடுத்து ஆங்கில எழுவாயாக உட்கார வைப்பதுதான். மரியாதை வரும் இடத்தில்தான் இது சிக்கலாகிறது. ‘ஆர்கள்’ என்ற விகுதி எண்ணிக்கையையும் சுமக்கிறது, மரியாதையையும் சுமக்கிறது. இரண்டில் எதைச் சுமக்கிறது என்று அது தானாகச் சொல்லாது. பேசுகிறவருக்கும் பேசப்படுகிறவருக்கும் என்ன உறவு என்று தெரிந்தால்தான் விளங்கும். மூத்த ஓரகத்தியை அந்த மூதாட்டி ‘அக்கா’ என்றுதான் வாழ்நாள் முழுவதும் கூப்பிட்டிருக்கிறார். வழக்குப் போட்ட பிறகும் அவர் வாயில் வந்தது ‘வந்தார்கள்’தான். ‘வந்தாள்’ என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

இந்தச் சிக்கலைத் தொல்காப்பியம் அன்றே பார்த்துவிட்டது. ஒருவரைப் பன்மையால் சொல்வது ‘வழக்கின் ஆகிய உயர்சொல் கிளவி’ என்கிறது கிளவியாக்கம். அது இலக்கண நெறியாக வந்ததன்று, மக்கள் வழக்கில் உயர்வு குறித்து வந்தது என்று பிரித்தே சொல்கிறது. அதே இயலில் இன்னொரு விதியும் உண்டு. தூரத்தில் வருவது மனிதர் என்று தெரிகிறது, ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, அப்போது பன்மையால் சொல்லுங்கள் என்கிறது. ஆங்கிலத்தில் பால் தெரியாத ஒருவரை ‘தே’ என்று குறிப்பதும் இதே வழிதான். ஆங்கில ‘யூ’வும் ஒரு காலத்தில் பலரைக் குறித்த சொல். மரியாதைக்காக ஒருவரிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

குறுக்கு விசாரணைப் பக்கங்களுக்கு வந்தால் நிலைமை இன்னும் கடினம். எங்கள் நீதிமன்றத் தமிழில் கேள்வி தனியாகப் பதிவாவது அரிது. கேள்வியையும் பதிலையும் ஒன்றாகக் கட்டி, சாட்சியே சொன்னதுபோல எழுதுவார்கள். “சம்பவ இடத்துக்கு வரவில்லை என்றால் சரியல்ல.” பக்கம் பக்கமாக இப்படித்தான் போகும். இதில் வராதவர் யார்? ‘வரவில்லை’ என்ற சொல்லில் இடம் இல்லை, பால் இல்லை, எண் இல்லை. நான் வரவில்லை, நீ வரவில்லை, அவள் வரவில்லை, அவை வரவில்லை, எல்லாவற்றுக்கும் அதே சொல். ‘வந்தான்’ என்னும்போது அத்தனையும் சொல்லிவிடுகிற நம் வினை, இல்லையென்று மறுக்கும்போது வாயை மூடிக்கொள்கிறது. குறுக்கு விசாரணையோ பெரும்பாலும் மறுப்பு. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது. எனவே, மூலத்தில் இல்லாத ஒரு ஆளை நான் அங்கே வைத்தாக வேண்டும். இரண்டு பக்கம் பின்னால் போய், அதற்கு முந்தைய கேள்வி யாரைப் பற்றியது என்று தேடி வைக்கிறேன். தேடியும் கிடைக்காதபோது வக்கீலுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்கிறேன். சில வக்கீல்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொண்டாலும் கேட்கத்தான் வேண்டும்.

என்னை மிகவும் வருத்துகிற இழப்பு வேறொன்று. ஒரு அடிதடி வழக்கு. பண்ணையில் கூலி வேலை செய்பவர் அடிபட்டவர். “அவர் என்னைக் கட்டையால் அடித்தார். என் தம்பி தடுக்க ஓடி வந்தான். அவனையும் அடித்தார்” என்கிறார். தன் ரத்தம் சிந்த வைத்தவருக்கு ‘அவர்’, தடுக்க வந்த தம்பிக்கு ‘அவன்’. தம்பி இளையவன், அவன் என்பதில் குறையில்லை. ஆனால் நிலக்காரர் இளைஞர், சாட்சியைவிடப் பதினைந்து வயது சின்னவர். அந்த ‘ஆர்’ விகுதிக்குள் அந்த ஊரின் தெருக்கள் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பதே தெரிகிறது. ஆங்கிலத்தில் இருவருமே ‘ஹீ’. என் மொழிபெயர்ப்பில் தவறு கண்டுபிடிக்க யாராலும் முடியாது, இருந்தும் அதில் அந்த ஊர் இல்லை. அதைக் காட்ட எனக்கு எந்த வழியும் கிடைக்கவில்லை.

‘நம்’, ‘எங்கள்’ என்ற வேறுபாட்டில் அப்படி விட்டுவிட முடியாது. ஒரு பாகப்பிரிவினை வழக்கில் அண்ணன் தம்பிக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்று ஆவணமாக வந்தது. “நம் வீட்டை விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன்” என்று எழுதியிருந்தார். பின்னாளில் அந்த வீடு தனக்கு மட்டுமே சொந்தம் என்று வாதாடியவரும் அதே அண்ணன்தான். ‘எங்கள் வீடு’ என்று எழுதியிருந்தால் அது அவரும் அவர் மனைவியும் என்று ஆகலாம். ‘நம்’ என்னும்போது கடிதத்தைப் படிக்கிற தம்பியும் உள்ளே வந்துவிடுகிறார். தம்பியின் வக்கீலுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘அவர்’ (our) என்ற ஒரே சொல்தான் உண்டு. சதுர அடைப்புக்குள் “கடிதம் பெறுபவரையும் உள்ளடக்கிய சொல்” என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எழுதினேன். குறிப்பு எழுதுவது எங்களுக்குப் பழக்கமில்லை, எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். அன்று எழுதாமல் விட்டிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

இந்த வேறுபாடு தெலுங்கில் இருக்கிறது, மலையாளத்திலும் இருக்கிறது. இந்தியில் இல்லை. ஒவ்வொரு மொழியும் ஒன்றைக் கட்டாயமாகச் சொல்லச் சொல்லுகிறது, மற்றொன்றைச் சொல்லாமல் விட அனுமதிக்கிறது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் மலையாள ஆவணங்களில் ‘வந்நு’ என்று மட்டும் இருக்கும். ஞான் வந்நு, நீ வந்நு, அவள் வந்நு. பழைய மலையாளத்தில் இருந்த விகுதிகள் உதிர்ந்துபோய்விட்டன. வந்தவரைக் கண்டுபிடிக்க ஐந்து வரி மேலே போக வேண்டும். தெலுங்கில் ‘வச்சிந்தி’ என்றால் வந்தது ஒரு பெண்ணாகவும் இருக்கலாம், மாடாகவும் இருக்கலாம், மணியார்டராகவும் இருக்கலாம்.

இந்தியில் நேர்மாறான ஒன்று நடந்தது. தட்டச்சில் அடித்த ஒரு கடிதம் வந்தது, கீழே முதலெழுத்துகள் மட்டும். எழுதியவர் யார் என்பதே வழக்கில் கேள்வி. எங்கள் அலுவலகத்தில் இந்தி பார்க்கும் நண்பர் இரண்டாவது வரியிலேயே நிமிர்ந்தார். “எழுதியவர் பெண்” என்றார். ‘நான் போனேன்’ என்பதை ஆண் எழுதினால் ‘கயா’, பெண் எழுதினால் ‘கயீ’. தமிழில் தன்மைக்குப் பால் கிடையாது. அந்தக் கடிதத்தைத் தமிழில் பெயர்த்த கணமே எழுதியவர் மறைந்துபோயிருப்பார். அதே இந்தியில் ‘வஹ்’ என்ற பிரதிபெயர் அவனா அவளா என்று சொல்லாது. அங்கே பாலைச் சொல்வது வினையின் பொறுப்பு.

பெயர்ச்சொல்லும் சும்மா இருப்பதில்லை. இந்தியில் வீடு ஆண்பால், நாற்காலி பெண்பால். அதை மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது, மனிதர் என்றால் உயர்திணை, மற்றவை அஃறிணை. ஆனால் குழந்தை மட்டும் நம் வாயில் ‘அது’. ஒரு காப்பாளர் நியமன வழக்கில் பாட்டி தன் சாட்சியம் முழுவதும் “குழந்தை அழுதது, அதற்குக் காய்ச்சல் வந்தது, அது என்னிடம்தான் வளர்ந்தது” என்றே சொல்லியிருந்தார். அந்த ‘அது’வில் இருந்த பாசம் ஆங்கில ‘இட்’டில் வராது. அங்கே அது பொருளைத்தான் குறிக்கும். ஆணா பெண்ணா என்று பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே ‘ஷீ’ என்று எழுதினேன்.

ஆங்கிலத்தை நாம் முந்திக்கொள்ளும் இடமும் உண்டு. “அவன் தன் நிலத்தை விற்றான்”, “அவன் அவனுடைய நிலத்தை விற்றான்.” முதலாவதில் விற்றவனும் உடையவனும் ஒருவனே, அதில் மயக்கமே இல்லை. இரண்டாவதைக் கேட்டால் வேறொருவனுடைய நிலமோ என்று மனம் போகும். ஆங்கிலத்தில் இரண்டுமே ‘ஹிஸ் லேண்ட்’. ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழாக்கும்போது ‘தன்’ என்று போடலாமா என்று ஒவ்வொரு தடவையும் நான் பேனாவை வைத்துவிட்டு யோசிக்கிறேன். நீதிபதி சொல்லாத உரிமையை அந்த இரண்டெழுத்து கொடுத்துவிடக் கூடாது.

எல்லைக்கல் வழக்கில், ஒப்புப் பார்த்த அன்று மாலையே வக்கீலுக்குச் சொன்னேன். “நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள், நாளை அவர் சென்னைக்கு வருகிறார்” என்றார். மறுநாள் அந்த மூதாட்டி படியேறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. நாற்காலியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தோம். “அம்மா, அன்றைக்கு வந்து கல்லைப் பிடுங்கியது யார் யார்?” என்று கேட்டேன்.

“யார் யார் என்ன ஐயா, அக்காதான் வந்தார்கள். வேறு யார் வந்தார்கள்?” என்றார்.

அவர் எதிரிலேயே ‘தே’யை அடித்து ‘ஷீ’ என்று மூன்று இடத்திலும் திருத்தினேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அந்தச் சொல்லை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார்.

“அது மரியாதையான சொல்தானே ஐயா?”

ஆங்கிலத்தில் ராணிக்கும் அதே சொல்தான் அம்மா என்றேன். சற்று நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்படியென்றால் அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார்.