ஸ்டெத் இல்லாத முதல் வாரம்

நமக்குக் குழந்தை மருத்துவம் கற்றுத்தந்த மேடம் காலமான செய்தி வந்த அன்று, இங்கிலாந்திலும் வளைகுடா நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் சிதறிக் கிடக்கும் நம் டி.சி.எச். (குழந்தைநல மருத்துவப் பட்டயப் படிப்பு) வகுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிய இரங்கல்களில், கல்லூரி வார்டைப் பற்றி ஏறத்தாழ யாருமே எழுதவில்லை. எல்லோருக்கும் நினைவு வந்தது, பயிற்சிக்காக நீலகிரி மலைக்குப் போன அந்தப் போஸ்டிங்தான். நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, எனக்கும் வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை. குழந்தை மருத்துவர் என்ற பெயரில் நான் இன்று செய்துவரும் வேலையின் பெரும்பகுதியை, கூடலூருக்கு அப்பால் இருந்த அந்தச் சிறிய வார்டில்தான் கற்றேன்.

ஊட்டியில் இறங்கி வேறொரு சேரன் பஸ் பிடித்து, நடுவட்டம் வளைவுகளில் வயிறு புரண்டு, ஜூன் மழையில் ஊறிய பெட்டிகளோடு போய் நின்ற நம்மிடம் மேடம் முதலில் கேட்டது ஸ்டெத்தஸ்கோப்புகளை. எல்லாவற்றையும் வாங்கித் தம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "முதல் வாரம் இது வேண்டாம். குழந்தையைப் பாருங்க, போதும்" என்றார். எம்.பி.பி.எஸ். கடைசியில் வரும் ஹவுஸ் சர்ஜன்சி பயிற்சியை முடித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் தனியாக டியூட்டி பார்த்துவிட்டு வந்தவர்கள் நாம். நர்சுகளும் ஆயாக்களும் பார்த்துக்கொண்டிருக்க, வெறுங்கழுத்தோடு ரவுண்ட்ஸ் போனது அந்த வயதில் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று அன்றிரவு நாம் பேசிக்கொண்டது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

அந்த வாரம் முழுவதும் மேடம் நமக்குக் கற்றுக்கொடுத்தது மூச்சை எண்ணுவது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வந்த கைக்குழந்தை தாயின் மடியில் பால் குடித்துத் தூங்கிப் போயிருக்கும். குழந்தையை வாங்கக் கூடாது, எழுப்பக் கூடாது. சட்டையை மட்டும் மெல்ல உயர்த்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் மேடம் ஏற்கமாட்டார், ஏனெனில் சிசுவின் மூச்சு இடையிடையே தயங்கித் தயங்கி ஓடுவது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எல்லைகளைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவை நினைக்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி வெளியே விரியாமல் உள்ளே குழிந்தால் உடனே அட்மிஷன். தொண்டையும் காதும் எப்போதும் கடைசியில்தான், ஏனெனில் அழுகிற குழந்தையிடம் அதன்பின் எதையும் கேட்கவோ எண்ணவோ முடியாது. வார முடிவில் ஸ்டெத் கைக்கு வந்தபோது, கண் ஏற்கெனவே சொன்னதைத்தான் காது பெரும்பாலும் உறுதிசெய்கிறது என்பது நமக்கே தெரிந்திருந்தது.

கணக்கிலும் மேடம் விடமாட்டார். 10 கிலோக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லி திரவம் என்றால், 20 கிலோவுக்கு 2000 என்று சொல்லும் வாயை, அடுத்த 10 கிலோவுக்குப் பாதிதான் கூடும் என்று விளக்கி, 1500 என்று சொல்லப் பழக்கினார். எடை பார்க்காமல் மருந்து எழுதிய கேஸ் ஷீட்டைக் கையால்கூடத் தொடமாட்டார்.

பணியர், முள்ளுக்குறும்பர் பழங்குடி ஊர்களிலிருந்து வந்த குழந்தைகளிடம்தான், இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான சிக்கிள் செல் நோயை நாம் முதன்முதலாகக் கண்டோம். பாடப்புத்தகத்தில் ஆப்பிரிக்க நோயாகப் படித்திருந்தோம். நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் இதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இலேயே கண்டு எழுதிவிட்டார்கள் என்று மேடம்தான் சொன்னார். கருவிலிருந்து வந்த ஹீமோகுளோபின் முதல் சில மாதங்கள் குழந்தையைக் காக்கும். அது குறைந்த பிறகு விரல்களும் பாதங்களும் வலியோடு வீங்கும், சளிக்காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகும், மண்ணீரல் திடீரென்று இரத்தத்தைத் தேக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் குழந்தை போய்விடும். இதனால் மேடம் தாயின் கையைத் தம் கைக்கு அடியில் வைத்து, குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்தி, மூச்சு இழுக்கும்போது இறங்கிவந்து விரல் நுனியைத் தொடும் அந்த விளிம்பைத் தாயே உணரும்வரை பேசாமல் காத்திருப்பார். "இதைவிடக் கீழே வந்தாலோ குழந்தை வெளுத்துப்போனாலோ, ராத்திரின்னு பார்க்காம வந்துடும்மா" என்பார். மறுநாள் ரவுண்ட்ஸில் நாம் வாய் திறக்கும் முன்பே, "நேத்து எவ்வளவு இருந்துச்சுன்னு அவங்ககிட்ட கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்று நம்மை அந்தத் தாயிடமே அனுப்புவார். குழந்தையைப் பற்றி முதலில் தாயிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை இதைவிட நன்றாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

நான் இப்போது வேலை பார்க்கும் இங்கிலாந்தில், குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தத்திலேயே சிக்கிள் செல் தெரிந்துவிடும். தொற்று வராமல் காக்க, மூன்று மாதத்துக்குள் பென்சிலின் தொடங்கிவிடுவோம். மேற்கு ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பத்துத் தாய்மாரின் கையை என் கைக்கு அடியில் வைத்து மண்ணீரலைக் காட்டும்போது, எங்கே கற்றீர்கள் என்று என்னிடம் பயிற்சி பெறும் மருத்துவர்கள் கேட்பார்கள். நீலகிரியில் என்று பெருமையோடுதான் சொல்கிறேன். ஆனால் எந்தத் தாய்மாரிடம் அதைக் கற்றேனோ, அவர்களுடைய பேரக்குழந்தைகளுக்கு இந்தக் கை உதவவில்லை என்ற வருத்தம் வயது ஏற ஏறக் கூடிக்கொண்டே வருகிறது. சிக்கிள் செல்லை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023-இல்தான் தொடங்கியது.

மேடம் ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் கேட்பார்: "உங்க பேட்ச்ல யாராவது ஒரு மழைக்காலம் வந்து பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரலாமேப்பா." பார்க்கலாம் மேடம் என்று நாம் எல்லோருமே சொன்னோம். டி.சி.எச். இடங்கள் பலவும் எம்.டி. இடங்களாக மாறிவிட்டன, ஊட்டியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, மேற்படிப்பு மருத்துவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்பதும் விதியாகிவிட்டது. மலைக்கு வரும் அந்த இளம் மருத்துவர்களின் பக்கத்தில் நின்று மூச்சை எண்ணச் சொல்லித் தருவதற்குத்தான் ஆள் வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவக் கவுன்சில் பதிவை நம்மில் பலர் இன்னும் விட்டுவிடவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நிமோனியாக் குழந்தைகளால் வார்டு நிறையும் மாதங்களில், முறை வைத்து மலைக்குப் போகும் திட்டம் ஒன்றைச் சங்கத்தின் பொதுக்குழுவில் முன்வைக்கப்போகிறேன். அந்தப் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.