கடுவன் குட்டிக்குக் கருத்தடை: பீய்ச்சும் வரை காத்திருக்காதீர்கள்

பல பூனைகள் இருக்கும் வீட்டில், கடுவன் குட்டிக்கு ஏதாவது அறிகுறி தெரிந்த பிறகு கருத்தடை செய்துகொள்ளலாம் என்றுதான் பலரும் இருக்கிறார்கள். அந்த அறிகுறி எப்படியிருக்கும் தெரியுமா? குட்டி சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கும். வால் செங்குத்தாக நிமிரும், நுனி நடுங்கும். பின்னங்கால்கள் நின்ற இடத்திலேயே மாறி மாறி மிதிக்கும். சுவரில் ஒரு சாண் உயரத்தில் மூத்திரம் பீய்ச்சியடிக்கும். இதைப் பார்த்துவிட்டால் தாமதமாகிவிட்டது என்றுதான் பொருள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறினால் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற பொருள் கூடுகிறது. கடுவன் மூத்திர நாற்றத்துக்கு அதுதான் மூலம். ஒன்று பீய்ச்சினால், ஏற்கெனவே கருத்தடை ஆன மற்றப் பூனைகளும் அதே இடத்தில் பதிலுக்குப் பீய்ச்சத் தொடங்கலாம். பெரும்பாலானவை அறுவைக்குப் பிறகு சில வாரங்களில் விட்டுவிடும். ஆனால் கருத்தடை ஆன கடுவன்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று விடுவதில்லை. பழக்கம் ஊறுவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

எனவே நாலாம் மாதம் முடியும்போது நாள் குறியுங்கள், ஐந்து மாதம் தாண்ட விடாதீர்கள். காப்பகங்களில் எட்டு வாரத்திலேயே, எடை ஒரு கிலோவைத் தொட்டதும் செய்கிறார்கள், அதுவும் பாதுகாப்பானதுதான். வீட்டுக் குட்டிக்கு 16 வார வாக்கில் தடுப்பூசி வரிசை முடிந்திருக்கும். அதன்பின் ஒரு வாரம் விட்டு அறுவை வைத்தால் சரியாக இருக்கும். சீக்கிரம் செய்தால் மூத்திரக் குழாய் குறுகி அடைத்துக்கொள்ளும் என்ற பயம் பலருக்கு உண்டு. சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படி வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

வீட்டில் கருத்தடை ஆகாத பெட்டை இருந்தால் கணக்கே மாறிவிடும். பெட்டைக் குட்டி நாலு மாதத்திலேயே சினையாகலாம். அக்கா தங்கை, தாய் என்ற முறையெல்லாம் பூனைக்குக் கிடையாது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாயும் மறுபடி சினையாகும். சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம்தான். அப்படிப்பட்ட வீட்டில் நாலு மாதம் தொடும் முன்பே கடுவனுக்கு அறுவையை முடியுங்கள். முடியாவிட்டால் அந்த வயதிலிருந்து அவனைத் தனி அறையில் வையுங்கள்.

அதற்கு முன் அவன் கடுவன்தானா என்று உறுதி செய்யுங்கள். இந்தத் தவறு நிறைய நடக்கிறது. வாலைத் தூக்கினால் பெட்டைக்கு ஆசனவாயும் பிறப்புறுப்பும் ஒட்டினாற்போல் இருக்கும், கீழே இருப்பது சிறு கீறல். கடுவனுக்கு இடைவெளி அதிகம், கீழே இருப்பது புள்ளி, நடுவில் விதைப்பை. பின்னாலிருந்து கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெல்லப் பிடித்தால் பட்டாணி போல இரண்டு விதைகள் தட்டுப்பட வேண்டும். குட்டி பயந்தாலோ குளிர்ந்தாலோ அவை மேலே ஏறிவிடும், அதனால் மடியில் சூடாகத் தூங்கும்போது பாருங்கள். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேலும் இறங்காத விதை பெரும்பாலும் தானாக இறங்காது. அடிவயிற்றைத் திறந்து எடுக்க வேண்டியிருக்கலாம். இறங்கிய ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு விட்டால், உள்ளே இருப்பது டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். பீய்ச்சலும் சண்டையும் நிற்காது. எடுத்தாயிற்றா என்று சந்தேகமுள்ள பெரிய கடுவனுக்கு, டாக்டர் ஆண்குறியில் முட்கள் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த முட்கள் ஹார்மோனால் வருபவை. இரண்டு விதைகளும் போனால் சில வாரங்களில் மறைந்துவிடும்.

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கடுவன்கள் இருந்தால் ஒரே நாளில் செய்யுங்கள். ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை இரண்டு மாதம் தள்ளினால், கருத்தடை ஆகாதவன் மற்றவன் மேல் ஏறுவதும் கழுத்தைக் கவ்வுவதும் ஆரம்பிக்கும்.

நாலு மாதக் குட்டியை ராத்திரி முழுக்கப் பட்டினி போடாதீர்கள், ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். மயக்கத்துக்கு மூன்று நாலு மணி நேரம் முன்பு வரை கொஞ்சம் உணவு தருவதுதான் வழக்கம். சரியான நேரத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரை எடுக்க வேண்டாம். அறுவை சில நிமிடங்கள்தான். விதைப்பையில் போடும் சிறு கீறல்களுக்குப் பெரும்பாலும் தையல்கூடக் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் மற்றப் பூனைகள் சீறினால் அதிர்ச்சியடையாதீர்கள். மருந்து வாசத்தோடு வருபவனை அவற்றுக்கு அடையாளம் தெரியாது. தள்ளாட்டம் தெளியும் வரை, குறைந்தது ஒரு நாள், தனி அறையில் வையுங்கள். பிறகு மற்றவை படுக்கும் துணியால் அவன் முதுகைத் தேய்த்துவிட்டுச் சேருங்கள். கட்டியாகும் மணல் காயத்தில் ஒட்டும், அதனால் ஒரு வாரம் கழிவுத் தட்டில் கிழித்த காகிதம் போடுங்கள். மற்றவை வந்து காயத்தை நக்கினாலும் பிரிக்க வேண்டும். நக்கவிடாமல் தடுக்கும் கழுத்துக் கூம்பை அவனுக்கு மட்டும் மாட்டினால் போதாது. இரண்டு மூன்று நாள் விதைப்பை வீங்கி, எடுக்கவே இல்லையோ என்று தோன்றும், தானாக வடியும். ரத்தம் சொட்டினாலோ, வீக்கம் நாளுக்கு நாள் பெருத்தாலோ உடனே காட்டுங்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது உயிரைக் குடிக்கும் விஷம்.

அறுவை ஆனதுமே கடுவன் மலடாகிவிடுவதில்லை. பருவம் வந்தவனுக்கு விந்துக் குழாயில் தங்கியிருக்கும் விந்து ஆறு வாரம் வரைகூடச் சினைப்படுத்தலாம். பெட்டைகளிடமிருந்து பிரித்துவைப்பதை அதுவரை தொடருங்கள்.

தீனி விஷயத்தில்தான் பல பூனை வீடுகள் தடுமாறுகின்றன. அறுவைக்குப் பிறகு பசி கூடும், உடலுக்கு வேண்டிய சக்தியோ ஏறக்குறைய கால் பங்கு குறையும். நாள் முழுக்க நிரம்பியிருக்கும் பொதுக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு தட்டில் வேளைக்கு அளந்து வையுங்கள். வளரும் குட்டிதானே, குட்டி உணவையே தொடரலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, விலா எலும்பு விரலுக்கு எளிதாகத் தட்டுப்படும் அளவில் வைத்திருங்கள்.